போர்டு என்ற சொல்லுக்கு அண்ணி வைத்த கண்ணி

என் அண்ணியிடம் யாரும் ஒரு சொல்லைச் சும்மா சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. "வாக்கியத்துல வச்சுச் சொல்லு" என்பார். குழாய் பழுது பார்க்க வந்தவர் "வாஷர் போயிடுச்சும்மா" என்றால், "வேற எதெது போனா 'போயிடுச்சு'ன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டு மடக்குவார். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார். ஒருமுறை அந்த மனிதர் நிதானமாக, "கரண்டு, மானம், உசிரு" என்றாராம். அண்ணிக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

அண்ணி வேலை பார்ப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான ஆங்கிலம்–தமிழ் அகராதி தயாரிக்கும் ஒரு சிறிய பதிப்பகத்தில். தட்டச்சு செய்ய மூன்று மாதத்துக்கு ஆள் வேண்டும் என்று அவரை எடுத்தார்கள். வந்தவர் தட்டச்சு செய்ததைவிடத் தட்டச்சுக்கு வந்த தாள்களில் தப்புக் கண்டுபிடித்ததுதான் அதிகம். அதனால் அந்த நாற்காலியிலிருந்து தூக்கி 'பி' அறையில் உட்கார வைத்தார்கள். ஆங்கிலத்தில் 'பி'யில் தொடங்கும் சொற்கள் எல்லாம் அவர் பொறுப்பு. அறை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். இரும்பு பீரோ இரண்டு. நாலு பேர் முழங்கை இடிக்க உட்காரும் ஒரு மேசை. கீழ்த்தளத்தில் அச்சு மை விற்கும் கடை இருப்பதால் அங்கே வேலை செய்கிறவர்களின் புடவை, சட்டை, மதியச் சாப்பாடு எல்லாவற்றிலும் மை வாசனை. "எங்க வீட்டுச் சோறே அச்சடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பார் அண்ணி.

என் அண்ணன் துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். என்னைப் படிக்க வைத்ததும், நான் விமானம் ஏறி வேறு நாட்டுக்கு வந்து குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வேலை செய்வதும் அந்தத் தோளால்தான். படித்த பெண்ணுக்கு மூட்டைக்காரனா என்று அண்ணி வீட்டார் கேட்டபோது, "அவர் பேசுறது கொஞ்சம். ஆனா ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான். அது போதும்" என்றாராம் அண்ணி. அண்ணன் இன்றைக்கும் அதைப் பாராட்டா, கிண்டலா என்று தெரியாமல்தான் இருக்கிறார்.

அண்ணிக்கு மிகவும் பிடித்த சொல் 'போர்டு'. அகராதி வேலை பார்த்தாலும், நீளமான, கம்பீரமான சொற்களை அவர் மதிப்பதே இல்லை.

"பெரிய சொல்லெல்லாம் பணக்காரன் மாதிரி தம்பி. ஒரே வீடு, ஒரே அர்த்தம், வாசல்ல காவலாளி. சின்னச் சொல்லுதான் தினக்கூலி. ஊரெல்லாம் வேலைக்குப் போகும்" என்பார் தொலைபேசியில்.

நான் காலை எட்டரை மணி ரயிலுக்கு ஓடிக்கொண்டிருப்பேன். அங்கே அண்ணி சமையலறையில் கைப்பேசியைச் சுவரில் சாய்த்துவைத்து, காய் நறுக்கிக்கொண்டே பாடம் நடத்துவார்.

"முதல்ல அது பலகை. மரத்தை அறுத்தா வர்ற வெறும் பலகை. அதைக் கால் மேல வச்சா மேசை. மேசை மேல வர்றது சோறு. அதனால சோத்துக்கும் அதே பேரு. 'போர்டிங் லாட்ஜிங்'னு எழுதி வச்சிருக்கானே, அதுல போர்டிங்னா சோறு. நீ படுக்கைன்னுதானே நினைச்ச?"

"ஆமா அண்ணி."

"எல்லாரும் அப்படித்தான். சரி, அந்த மேசையைச் சுத்திப் பெரிய மனுஷங்க உக்காந்தா, அந்த மனுஷங்களுக்கும் அதே பேரு. போர்டு. அவங்க வைக்கிற பரீட்சை போர்டு எக்ஸாம். பிள்ளைங்க தூக்கம் கெட்டு நடுங்குறது எதைப் பார்த்து? ஒரு பலகையைப் பார்த்து!"

"நம்ம சங்கப்பலகை மாதிரியா?"

"அது புலவனைப் பார்த்து இடம் கொடுத்துச்சு. இது கம்பெனியில வச்சிருக்கிற பங்கைப் பார்த்து இடம் கொடுக்குது."

கப்பலுக்கு வந்தால் அண்ணியின் குரலே மாறிவிடும். பழைய ஆங்கிலத்தில் கப்பலின் விளிம்புக்கும் இதே உருவத்தில் ஒரு சொல் இருந்ததாம். அது பலகையின் தம்பியா, வேறு வீட்டுப் பிள்ளையா என்று அறிஞர்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லையாம். இரண்டும் ஒன்றாகக் கலந்து போனதால்தான் கப்பல் ஏறுவதற்கும், இப்போது நான் விமானம் ஏறுவதற்கும் அந்தப் பெயர். கப்பலின் வலப்பக்கத்தை 'ஸ்டார்போர்டு' என்கிறார்களே, அதில் நட்சத்திரம் எதுவும் கிடையாது. சுக்கான் பிடிக்கும் பக்கம், அவ்வளவுதான். ஒளிவுமறைவில்லாத ஆளை 'அபவ் போர்டு' என்பது சீட்டாட்டத்திலிருந்து வந்தது. கை மேசைக்கு மேலே இருந்தால் திருட முடியாது. 'கப்போர்டு' என்பது கோப்பை வைக்கும் பலகை. கதவு எல்லாம் பின்னால் வந்த ஆடம்பரம்.

"நம்ம ஆளுங்க மட்டும் சும்மாவா? சுவிட்ச் போர்டு, நேம் போர்டு, பஸ் முன்னாடி இருக்கிற போர்டு. அந்தப் பலகை இப்ப பிளாஸ்டிக்கா ஆயிடுச்சு, விளக்கா ஆயிடுச்சு. பேரு மட்டும் மாறலை பாரு."

இனி அண்ணி வைத்த கண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அகராதி தயாரிப்பவர்களுக்கு ஒரு பயம் உண்டு. அர்த்தம் யாருக்கும் சொந்தமில்லை. பத்து வருடம் பாடுபட்டு எழுதியதை ஒருவன் அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டு, "நானும் அதே ஆராய்ச்சி பண்ணினேன், அதே முடிவுக்கு வந்தேன்" என்றால் மறுப்பது கடினம். அதனால் அந்தப் பதிப்பகத்தில் ஒரு வழக்கம். ஒவ்வோர் எழுத்தின் பொறுப்பாளரும் தன் எழுத்தில் எங்கேனும் ஓரிடத்தில் இல்லாத ஒன்றை இட்டுக்கட்டி வைக்க வேண்டும். அதற்குப் பெயர் கண்ணி. அதைப் படிக்கும் பிள்ளைக்கு எந்தக் கெடுதலும் வரக்கூடாது. அது எது என்று பொறுப்பாளரையும் தலைமை ஆசிரியரையும் தவிர வேறு யாருக்கும் தெரியக்கூடாது. கட்டிய கணவனுக்கும் சொல்லக்கூடாது. திருடன் மொத்தமாக அள்ளும்போது கண்ணியையும் சேர்த்து அள்ளுவான். அப்போது பிடித்துவிடலாம்.

அண்ணிக்கு இது ஆகவே ஆகாது. "சோத்துல ஒரு கல்லை நாமளே போட்டுப் பரிமாறுற மாதிரி" என்று பல பதிப்புகளுக்குத் தள்ளிப் போட்டார். தலைமை ஆசிரியர் விடவில்லை. அவர் எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டார் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு அரைப்புள்ளி என்று பெயர். "நீங்க மட்டும் வைக்கலைன்னா, நாளைக்கு எவனாவது..." என்பார். மீதியை நாம் பயந்து முடித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் அண்ணி தனக்குப் பிடித்த சொல்லிலேயே வைத்தார். 'போர்டு' என்ற சொல்லின் பொருள்களில் கடைசியாக, சிறிய எழுத்தில்: "(துறைமுக வழக்கு) வேலைக்கு வர இயலாதவரின் பங்கை மற்றவர்கள் சேர்ந்து செய்து, அவர் இடம் பறிபோகாமல் காத்தல்." கூடவே ஒரு மூலக் கதை. பழைய கப்பல்களில் மாலுமி ஒருவன் நோயில் படுத்தால் சாப்பாட்டு மேசையில் அவனுக்கென ஒரு பலகையைக் காலியாக விட்டு வைப்பார்களாம், அதிலிருந்து வந்ததாம். இந்தக் கதையும் பொருளும் இரண்டும் ஒரு மழைநாள் மதியத்தில் தன் தலையிலிருந்து வந்தவை என்று அண்ணி நம்பினார். "பொய்தான் சொல்லணும்னா, உலகத்துல இருந்தா நல்லா இருக்கும்கிற பொய்யாச் சொல்லலாமே" என்று நினைத்தாராம்.

சில வருடம் கழித்து, ஊரின் பெரிய பதிப்பகம் ஒன்று மலிவு விலையில் பள்ளி அகராதி கொண்டுவந்தது. அதில் மூலக் கதைகள் எதுவும் இல்லை. ஆனால் 'போர்டு' என்ற சொல்லின் கீழே, கடைசிப் பொருளாக, அந்தத் துறைமுக வழக்கு உட்கார்ந்திருந்தது.

அரைப்புள்ளி அன்றைக்கு ஒரு வாக்கியத்தை முழுசாக முடித்தாராம். "மாட்டிக்கிட்டாங்க."

பதிப்பாளர் சங்கத்தின் நடுவர் குழுவிடம் புகார் போனது. நிரூபித்தால் அந்தப் புத்தகத்தைச் சந்தையிலிருந்து எடுக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் பள்ளிக்கூடங்கள் எல்லாம் மலிவான புத்தகத்தையே வாங்கும், அண்ணியின் பதிப்பகம் அடுத்த வருடம் இருக்காது. அதை இட்டுக்கட்டியவர் என்பதால் முக்கிய சாட்சி அண்ணிதான். "இது நான் இட்டுக்கட்டியது" என்று உறுதிமொழி எடுத்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு அண்ணியிடமிருந்து அழைப்பு வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். வெளிநாட்டில் இருப்பவனுக்கு வேளை கெட்ட வேளையில் ஊரிலிருந்து வரும் எந்த அழைப்பும் முதலில் சாவுச் செய்தியாகத்தான் காதில் விழும்.

"யாருக்கு என்ன அண்ணி?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. நான் ஒரு பொய் சொன்னேன்னு சத்தியம் பண்ணப் போறேன். துணைக்கு ஆள் வேணும். உங்க அண்ணன் செட்டுல ஆள் குறைவாம், வர முடியாதாம்."

செட்டு என்பது கிடங்கில் சேர்ந்து மூட்டை தூக்கும் குழு. நான் விடுப்பு எடுத்து வந்தேன். வந்தவன் முதல் வேலையாகத் திரும்பிப் போகும் பயணச்சீட்டை மூன்று முறை சரிபார்த்துக்கொண்டேன். அது என் வியாதி.

சங்கத்தின் அலுவலகம் ஒரு வணிக வளாகத்தின் மேல்மாடி. நீண்ட மேசை. தண்ணீர்க் குவளைகள். குளிரூட்டி ஈ மாதிரி இரைந்துகொண்டிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று நடுவர்கள். நடுவில் ஓய்வு பெற்ற நீதிபதி அம்மாள். அண்ணி என் காதருகே குனிந்து, "பார்த்தியா, போர்டு" என்றார். அந்த அளவுக்குத் தைரியமாக இருந்தார்.

அண்ணி நன்றாகவே சொன்னார். கண்ணி என்றால் என்ன, ஏன் வைக்கிறோம், எந்த மழைநாளில், எந்த நாற்காலியில். "இது என் கற்பனை. உலகத்துல யாரும் இப்படிச் சொல்றதில்ல" என்று முடித்தார். அரைப்புள்ளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒல்லியான மனிதர். கோபமே படவில்லை. "எங்க ஆசிரியர் குழு இந்தப் பொருளைக் கள ஆய்வு செஞ்சுதான் சேர்த்தாங்க. துறைமுகத்திலிருந்து ஒரு சாட்சி வந்திருக்கார்" என்றார்.

கதவு திறந்தது. வெள்ளைச் சட்டையில், புதிதாகச் சலவை செய்த மடிப்பு கூடக் கலையாமல், எங்களுக்குத் தெரிந்த மீசைக்காரர் ஒருவர் உள்ளே வந்தார்.

அண்ணனுடைய செட்டில் மூத்தவர் அவர். எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறார். மீசையில் சோறு ஒட்டுவதை வைத்து அண்ணி அவரைக் கேலி செய்யாத நாளில்லை. உள்ளே வந்தவர் நடுவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிட்ட கை அப்படியே நிற்க, அண்ணியைப் பார்த்தார்.

"அக்கா! நீங்களா?"

"நீங்க எங்க இங்க?" என்றார் அண்ணி.

"ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லணும், வந்துட்டுப் போங்கன்னாங்க. நீங்க இருப்பீங்கன்னு சொல்லலியேக்கா!"

"சாட்சிகள் தங்களுக்குள்ளே பேசக்கூடாது" என்றார் நீதிபதி அம்மாள்.

மீசைக்காரர் உட்கார்ந்தார். நாற்காலி நுனியில்.

"போர்டு போடறதுன்னு உங்க கிடங்குல சொல்றதுண்டா?" என்று வக்கீல் கேட்டார்.

"உண்டுங்க."

அண்ணியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தப் பிடி எனக்கு வலித்தது.

"அப்படின்னா என்ன?"

"காலையில வந்ததும் அவங்கவங்க பேரு போட்ட தகட்டை எடுத்து மரப்பலகையில மாட்டணுங்க. மாட்டியிருந்தா ஆள் வந்திருக்கான்னு கணக்கு. ஒருத்தன் முடியாம கிடந்தான்னா, மத்தவங்க அவன் தகட்டையும் மாட்டிருவோம். அவன் மூட்டையை நாங்க பிரிச்சுத் தூக்கிருவோம். அதுதாங்க போர்டு போடறது. எங்க மாமன் காலத்துலேருந்து இருக்கு."

"அதாவது, வர முடியாதவர் பங்கை மத்தவங்க செஞ்சு, அவர் இடம் போகாம காப்பாத்துறது."

"நீங்க அழகாச் சொல்றீங்க. அதேதாங்க."

கப்பல் இல்லை. மாலுமி இல்லை. காலி மேசைப் பலகை இல்லை. மூலக் கதை மொத்தமும் பொய். ஆனால் பொருள் மட்டும் எழுத்துக்கு எழுத்து உண்மை. அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். அடுப்பில் கை வைத்துவிட்டவருக்குச் சூடு உறைப்பதற்கு முன்னே இருக்கும் அந்த ஒரு நொடி முகத்தில் அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் வக்கீல் இளம்பெண். சட்டென்று எழுந்தார். "இவருக்குச் சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்திருக்காங்க. உண்மையான வழக்குன்னா வாக்கியத்துல வச்சுச் சொல்லட்டும். இப்ப யாருக்காவது போர்டு போட்டிருக்கீங்களா? ஒரு எடுத்துக்காட்டு சொல்லுங்க."

மீசைக்காரர் வாயைத் திறந்தார். மூடினார். மேல்துண்டு இல்லாத தோளைத் துடைத்துக்கொண்டார்.

"அதைச் சொல்லக் கூடாதுங்க."

"ஏன்?"

"சொன்னா எங்க எல்லாருக்கும் வேலை போயிரும். அதைவிட..." என்று நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டே, "அக்கா முன்னாடி சொல்லவே கூடாது" என்றார்.

சொல்லிவிட்டோம் என்று அவருக்கே பிறகுதான் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். நீதிபதி அம்மாள் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "இது இங்கே பதிவாக வேண்டாம். பத்து நிமிடம் இடைவேளை" என்றார்.

தாழ்வாரத்தில் ஒரு தண்ணீர் இயந்திரம் இருந்தது. அண்ணி அதன் பக்கத்தில் போய் நின்றார். தண்ணீர் குடிக்கவில்லை.

"உங்க அண்ணனுக்கு என்னடா?" என்றார். என்னை அவர் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

"எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமா."

"கொஞ்ச நாளா டம்ளரை ரெண்டு கையால பிடிக்கிறார். சூடுன்னு நினைச்சேன். சட்டை பட்டனை நான் போட்டு விடணும்னு அடம். இந்த வயசுல கொஞ்சலைப் பாருன்னு சிரிச்சேன்டா. சிரிச்சேன்."

வாரா வாரம் கைப்பேசித் திரையில் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திரையில் கை தெரிவதில்லை.

அரைப்புள்ளி வேர்க்க விறுவிறுக்க வந்தார். எங்கள் வக்கீலும் கூட. "அம்மா, ஒண்ணும் கெட்டுப் போகலை. நீங்க திரும்ப உள்ள போய், அந்த ஆளு சொல்றது கட்டுக்கதை, என் வாழ்நாள்ல நான் இப்படிக் கேட்டதே இல்லைன்னு ஒரு வார்த்தை..." என்றார் அரைப்புள்ளி.

வக்கீல் இன்னும் தெளிவாகச் சொன்னார். "உங்களுக்கும் அதுதாம்மா நல்லது. அப்படி ஒரு பழக்கமே இல்லைன்னு முடிஞ்சா, கிடங்குல யாரும் யாரையும் தேட மாட்டாங்க. உங்க வீட்டுக்காரருக்கும் பிரச்சினை இல்ல."

அண்ணி அவர்களைப் பார்த்தார். "அப்ப அந்த மீசைக்காரர் பொய் சாட்சி ஆயிடுவாரே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

திரும்ப உள்ளே போனோம். நீதிபதி அம்மாள் கேட்டார். "இந்தப் பொருள் உங்கள் கற்பனை என்று சொன்னீர்கள். இப்போதும் அதையே சொல்கிறீர்களா?"

"இல்லைம்மா."

அரைப்புள்ளி கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் சொன்னப்ப பொய்னு நம்பித்தான் சொன்னேன். இப்பத்தான் தெரியுது. இது நான் கண்டுபிடிச்சது இல்ல. கேட்டது. என் வீட்டுச் சமையலறையிலதான் கேட்டேன். பல வருஷம் முன்னாடி இவங்க செட்டுல ஒருத்தருக்குக் கால் உடைஞ்சது. அவர் இப்ப வேலையை விட்டுட்டு மக வீட்டுல இருக்கார், அதனால சொல்றதுல தப்பில்ல. அன்னைக்கு எல்லாரும் எங்க வீட்டுல சாப்பிட்டாங்க. நான் பரிமாறிக்கிட்டு இருக்கேன். 'அவனுக்கு நாம போர்டு போட்டுக்கலாம்'னு யாரோ சொன்னாங்க. என் காதுல விழுந்திருக்கு. நான்தான் கவனிக்கலை."

"ஊரில் எல்லாரிடமும் எடுத்துக்காட்டு கேட்பவர் என்று உங்களைப் பற்றி உங்கள் தரப்பே புகாரில் எழுதியிருக்கிறதே," என்றார் நீதிபதி அம்மாள். கேலியாகச் சொல்லவில்லை.

"வீட்டுல பேசுறதெல்லாம் எனக்குச் சொல்லாத் தெரியலைம்மா. பேச்சாத் தெரிஞ்சுது. காதுக்குள்ள போய்ப் பல வருஷம் கிடந்து, ஒரு மழை நாள்ல எனக்குத் தோணின மாதிரி வெளிய வந்திருக்கு. திருடினது அவங்க மட்டும் இல்ல. நானும்தான்."

எதிர்த்தரப்பு வக்கீல்கூட எழுதுவதை நிறுத்திவிட்டார். அவர்கள் அந்தப் புத்தகத்தை வரிக்கு வரி அள்ளியிருந்தார்கள் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. கள ஆய்வு என்பதெல்லாம் புகார் வந்தபிறகு பயந்துபோய்ச் செய்தது. ஆனால் அவர்கள் திருடிய கள்ள நோட்டு நல்ல நோட்டாக இருந்துவிட்டது. அதற்கு நடுவர்கள் என்ன செய்வார்கள்? புகார் தள்ளுபடி ஆனது.

வெளியே வந்ததும் அரைப்புள்ளி அண்ணியிடம், "நீங்க இப்படி..." என்றார். அதற்கு மேல் அவருக்கே சொல் கிடைக்கவில்லை.

மீசைக்காரர் படிக்கட்டருகில் நின்றிருந்தார். "அக்கா, என்னைச் செருப்பால அடிங்க."

"செருப்பைக் கழட்ட நேரமில்ல. கிடங்குக்கு வழி காட்டுங்க."

மதிய வெயில். வாடகைக் காரில் முன்னே மீசைக்காரர், பின்னே நாங்கள். வழியில் மீசைக்காரர் ஒவ்வொன்றாகக் கக்கினார். மழைக்காலத்திலிருந்தே அண்ணனுக்கு வலது கையில் விரல்கள் மரத்துப் போகின்றன. ஒருநாள் மூட்டைக் கொக்கி பிடி நழுவி விழுந்தபோது, கீழே நின்றவரின் கால் மயிரிழையில் தப்பியது. அன்றிலிருந்து அண்ணன் மூட்டையைத் தொடவில்லை. காலையில் வருவார். செட்டு அவர் தகட்டை மாட்டும். மாலையில் எல்லாரோடும் சேர்ந்து வீட்டுக்குப் போவார்.

"அவ்வளவு நேரம் என்ன பண்றார்?"

"சாக்கு தைக்கிறாருக்கா. இடது கையால. நல்லா இல்ல. நாங்க பிரிச்சுத் திரும்பத் தைச்சிருவோம். அவருக்குத் தெரியாது."

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிடங்கு என்பது தகரக் கூரை போட்ட பெரிய இருட்டு. உள்ளே மாவும் சணலும் டீசலும் கலந்த வாசனை. ஆட்கள் குனிந்து, முதுகில் மூட்டையோடு, ஒரே தாளத்தில் போய் வந்துகொண்டிருந்தார்கள். அண்ணியைப் பார்த்ததும் அந்தத் தாளம் தப்பியது. ஒருவர், "வந்துட்டாங்கடா" என்று மூட்டையோடு அப்படியே நின்றார்.

கடைசிச் சுவரோரம், சாக்குக் குவியலின் மேல் அண்ணன். மடியில் சாக்கு. இடது கையில் கோணி ஊசி. எங்களைப் பார்த்ததும் எழுந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீ எங்க இங்க? தம்பி, நீயுமா? கேஸ் முடிஞ்சிருச்சா?"

"கையைக் காட்டுங்க" என்றார் அண்ணி.

அண்ணன் இடது கையை நீட்டினார்.

"அந்தக் கை இல்ல."

செட்டு முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் வலது கையை மெதுவாக நீட்டினார். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அண்ணி ஒவ்வொன்றாகப் பிடித்து அழுத்தினார்.

"தெரியுதா?"

"ம்."

"கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க. எந்த விரல்?"

அண்ணன் கண்ணை மூடினார். நெடுநேரம் யோசித்தார். "சுண்டு விரல்" என்றார்.

அண்ணி பிடித்திருந்தது நடுவிரலை. நான் வேறு பக்கம் பார்த்தேன். அங்கேயும் ஆட்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொன்னா நீ உடனே ஆஸ்பத்திரின்னுவ. இவன் உடனே பிளைட்டு ஏறி இங்க வந்துடுவான். ஆஸ்பத்திரியில இனிமே தூக்கக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்துட்டா? தூக்காம நான் யாரு?" என்றார் அண்ணன்.

அண்ணி புடவைத் தலைப்பால் அந்தக் கையிலிருந்த சணல் தூசியைத் துடைத்தார்.

செட்டில் இளவட்டமாக இருந்த ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கா, நீங்க கவலைப்படாதீங்க. இன்னும் எவ்வளவு நாளானாலும் நாங்க போர்டு போடுவோம்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அண்ணி மறுபடியும் ஒருமுறை அதிர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு அவர்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னார். "போடுங்க. நீங்க போடலைன்னா எங்க வீடு என்ன ஆகியிருக்கும்னு எனக்கு இப்பத்தான் தெரியுது. ஆனா இனிமே வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடுங்க. மரத்துப் போனது இவர் கை. எனக்கு ஏண்டா காதையும் மரக்க வச்சீங்க?"

மீசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி அண்ணனைக் கைபிடித்து நடத்திக்கொண்டு வெளியே வந்தார். கழுத்து எலும்பு நரம்பை அழுத்துவதாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னது, படம் எடுத்தது, தூக்கக் கூடாது என்று அவர் எழுதியே கொடுத்தது எல்லாம் பிற்பாடு. இப்போதைக்கு நாங்கள் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போகும் காரின் பின்னிருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். நான் பயணச்சீட்டின் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தேன்.

கொஞ்சத் தூரம் போனபின் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "கேஸ் என்னாச்சு?"

"தோத்துட்டோம்."

"தோத்துட்டீங்களா! நீதான் ஏதோ ஒரு சொல்லு பொய்னு சத்தியம் பண்ணப் போறேன்னு சொன்னியே? எவன் குறுக்க வந்து சாட்சி சொன்னது?"

"உங்க மீசைக்காரர்."

அண்ணன் அண்ணியையே பார்த்தார்.

"அவருக்கு அடுத்தது நான்" என்றார் அண்ணி.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று என் முகத்தில் தேடினார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் வாய் திறந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மூடவில்லை.